பெட்டிப் புத்தகத்தில் ஐந்து பெயர்

ரிச்ஃபீல்ட், யூட்டா
அக்டோபர் கடைசி ஞாயிறு

என் அன்பு மகள் மேரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. நீயும் மாப்பிள்ளை சிந்த்ரேயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், அந்த விடாத நார்வே மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்த வருஷம் பீச் பழம் மரம் ஒடிகிற அளவுக்குக் காய்த்தது, நாற்பத்தொரு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன், யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உன் அண்ணன் லோவல் தலையில் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பாடத்தோடு கூடைப்பந்துப் பயிற்சியையும் கட்டிவிட்டார்கள், வீட்டுக்கு வந்ததும் சோபாவில் விழுந்து தூங்கிவிடுகிறான் என்று ஜனெஸ்ஸா என் தலையைத் தின்கிறாள். அண்ணியைப் பற்றிக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை, ஆனால் அவள் இதில் வருவாள், ஏனென்றால் எல்லாம் அவள் எழுதிய ஒரு எண்ணில்தான் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்லியிருக்கலாம். போனில் நீ அப்பா எப்படி என்று கேட்பாய், நான் நன்றாக இருக்கிறார் என்பேன், அவர் கார் கொட்டகையில் ஒன்றுமில்லாததைத் துடைத்துக்கொண்டிருப்பார், அத்தோடு முடிந்துவிடும். மூன்று வருஷமாக அப்படித்தானே முடிகிறது. அதனால் எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

போன வாரம் லிஸ்டன் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு வந்தோம். மான் வேட்டை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தை மூடினால் நாம் அங்கேதான் இருப்போம் என்பது உனக்குத் தெரியாததா. இருபத்தாறு வருஷம். உனக்கு அம்மை போட்டிருந்த வருஷம்கூட உன்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார் உன் அப்பா. நீ நார்வே போன முதல் வருஷம் அந்த ஒரு வாரத்துக்காகவே பறந்து வந்தாய், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம்தான் நீ அந்த ஜூலையில் வந்து, சமையலறையில் நின்றபடி, கல்யாணத் தேதி கிடைத்துவிட்டது, அக்டோபர் மூன்றாம் வாரம் என்று சொன்னாய். நகராட்சி அலுவலகத்தில் வேறு தேதி காலி இல்லை என்றாய். அவர் கேட்ட முதல் கேள்வி, அது நம்ம வாரமாச்சே, உனக்குத் தெரியாதா என்பதுதான். வாழ்த்து இல்லை, மாப்பிள்ளை எப்படி என்று ஒரு விசாரிப்பு இல்லை. நீயும் லேசுப்பட்டவளா, ஒரு குழிக்குள்ள நடக்கறது உங்களுக்கு என் கல்யாணத்தைவிடப் பெரிசா என்று கேட்டாய். இரண்டு பேரும் ஒரே வார்ப்பு. அவர் பிடித்த பிடியை விடவில்லை, நீ கேட்ட கேள்வியைத் திருப்பி வாங்கவில்லை, கல்யாணத்தன்று நாங்கள் பள்ளத்தாக்கில் இருந்தோம். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாததை இனிமேல் சொல்கிறேன்.

இந்த வருஷமும் அதே மரவீடுதான், அதே ஆடுகிற மேஜை, காலுக்கடியில் நீ மடித்து வைத்த அட்டைகூட அப்படியே இருக்கிறது. முதல் நாள் யாரும் எங்கேயும் அசையவில்லை. லோவல் தூங்கினான், ஜனெஸ்ஸா வாசல் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பின்னினாள், அப்பா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதாக நடித்தார். நான் ஓடையில் காலை வைத்துக்கொண்டு ஈஸ்டருக்கு நீ எழுதியிருந்த கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன், சத்தமாகத்தான் படித்தேன், வேண்டுமென்றே. அங்கே மலை உச்சியில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும், ஏறி வருகிறவர்கள் எல்லாம் பெயர் எழுதிவிட்டு இறங்குவார்கள், நீயும் சிந்த்ரேயும் அவர் பாட்டி காலத்துப் பக்கத்தில் பாட்டியின் கையெழுத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்தபோது தொப்பி லேசாக நகர்ந்தது. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுத்த வரிக்குப் போனேன்.

மறுநாள் காலை பள்ளத்தாக்கில் இறங்கினோம். நுழைவாயிலில் இருக்கும் இரும்புப் பெட்டியை மறந்திருக்க மாட்டாய். உள்ளே போகிறவர்கள் எல்லார் பெயரும், எங்கே தங்கியிருக்கிறோம் என்பதும் எழுத வேண்டும், வெளியே வந்ததும் எத்தனை பேர் வந்தோம், எத்தனை மணிக்கு என்று பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பென்சிலை உன் அப்பா வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. சின்ன வயதில் நீ ஒரு தடவை பிடுங்கி உன் பெயரை நீயே எழுதி, எழுத்து கோணிவிட்டது என்று அழித்து அழித்துக் காகிதம் கிழிந்ததே. இந்தத் தடவையும் அவர்தான் எழுதினார், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, நிதானமாக. என்ன மாமா, கதையா எழுதறீங்க என்று ஜனெஸ்ஸா கேட்டாள். பெட்டியை டப்பென்று மூடிவிட்டு நடந்தார்.

உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. இரண்டாவது வளைவில் தண்ணீர் இடுப்பளவு, பூட்ஸைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தாண்டினோம், குளிரில் லோவல் போட்ட கூச்சல் பாறைச் சுவர் சுவராகப் போய் வந்தது. காட்டன்வுட் மரங்கள் முழுக்க மஞ்சள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் மணல் திட்டில் உட்கார்ந்தோம், நான் நாலு பொட்டலம் எடுத்து வைத்தேன், அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் ரொட்டியில் பாதியைத் திருப்பிச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பசி இல்லையாம். உண்மையைச் சொல்கிறேன், மேரன், எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் அவர் வண்டிச் சாவியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். தேவாலயத்தில் பக்கத்தில் இருந்தவர் பெயரை மறந்துவிட்டார். ஜனெஸ்ஸா மருத்துவமனையில் வேலை செய்கிறவள் இல்லையா, எதையும் விடமாட்டாள், மாமாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்கு, டாக்டர்கிட்ட காட்டணும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் என் மனசை அடைக்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் முழங்கால் மடங்கிவிட்டது. விழவில்லை, லோவல் பிடித்துக்கொண்டான். நுழைவாயிலுக்கு வந்து சேரும்போது மணி மூன்றரை, அப்பா வலி தாங்காமல் நேரே போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பென்சிலை எடுக்கவில்லை. ஜனெஸ்ஸா பெட்டியைத் திறந்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், வெளியே வந்தவர்கள் கட்டத்தில் நாலு, மூன்றரை மணி என்று எழுதிவிட்டு வந்தாள். நாங்கள் மரவீட்டுக்குப் போய்விட்டோம்.

ஐந்து மணி இருக்கும், வெளியே நல்ல வெளிச்சம். லோவல் தணல் போட்டுக்கொண்டிருந்தான், நான் இரும்புச் சட்டிக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன், சட்டி மூடியைத் தூக்கும் கொக்கியை அப்பா கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு பெண், தேடுதல் குழுவில் இருக்கிறவள், இறங்கும்போதே எங்களை எண்ணினாள். விரலால் எண்ணினாள். அப்புறம், மேரன் எங்கே, இங்க வந்துட்டாளா என்று கேட்டாள். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஜனெஸ்ஸாதான் நிதானமாக, அவ நார்வேல இருக்கா, நீங்க எந்த மேரனைக் கேக்கறீங்க என்றாள். அந்தப் பெண் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். வெர்ல் ஹாஸ்லம், ஆர்டித் ஹாஸ்லம், லோவல், ஜனெஸ்ஸா, மேரன். உள்ள போனது அஞ்சு, வெளிய வந்தது நாலு. மேட்டுல மழை கொட்டுது, வெள்ளம் வரும்னு எச்சரிக்கை விட்டிருக்காங்க, அதான் எல்லாப் பெட்டியையும் பாக்கறோம், எங்க ஆளுங்க ரெண்டு பேர் உங்க பொண்ணைத் தேடி உள்ள போயிருக்காங்க என்றாள்.

ஜனெஸ்ஸா உடனே, அது எங்க பக்கமே இல்ல, போன வருஷத்துப் பக்கமா இருக்கும் என்று ஆரம்பித்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தக் கொக்கியை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, என் எழுத்துதான், நான்தான் எழுதினேன், வண்டியை எடு லோவல் என்றார். போகிற வழியெல்லாம் ஜனெஸ்ஸா என் கையை அழுத்திக்கொண்டே வந்தாள், நான் சொன்னேன்ல அத்தை என்று வாய் திறந்து சொல்லவில்லை, அழுத்தினதே போதும். மறதிதான், நீ போனதையே மறந்துவிட்டார் என்று நானும் நினைத்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு வந்த பயம் என் எதிரிக்கும் வர வேண்டாம்.

நுழைவாயிலில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். உள்ளே இருந்து சத்தம் வந்தது. யாரோ ஒரு ஆண் குரல், யாரோ ஒரு பெண் குரல், முன்பின் தெரியாத குரல்கள், மாறி மாறி மேரன், மேரன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் பட்டு உன் பெயர் திரும்பித் திரும்பி வந்தது. ஒரு கூப்பிடலுக்கு நாலு கூப்பிடல் கேட்டது. நடுநடுவே நிறுத்தினார்கள், பதில் வருகிறதா என்று காது கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது, அந்த நிறுத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அப்பா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தக் குழுவுக்குத் தலைவர் டுவைட் ஆல்ரெட், சாலைத் துறையில் அப்பாவோடு வேலை செய்தவர், உனக்கு அந்தப் பெரிய மீசை ஞாபகம் இருக்கும். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது, ஓடி வந்து, வெர்ல், பொண்ணை நீ கடைசியா எங்க பார்த்த, என்ன உடுத்தியிருந்தா என்று கேட்டார். அப்பா, விமான நிலையத்துல, கையில பச்சை மழைக்கோட்டு வெச்சிருந்தா, மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு என்றார். டுவைட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மறந்தவர் பச்சைக் கோட்டைச் சொல்லமாட்டார்.

ஜனெஸ்ஸா இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள், டுவைட் சத்தம் போட நேரமில்லை. உள்ளே போனவர்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், கையில் இருக்கும் ரேடியோ அந்தச் சுவர்களுக்குள் பேசாது, மேட்டுப் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. அப்பா கைத்தடியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். லோவல் குறுக்கே நின்று, அப்பா, உங்க காலை வெச்சுக்கிட்டு எங்க போறீங்க, நான் போறேன் என்றான். அவர், எதுவரைக்கும் போய்க் கூப்பிட்டா கேக்கும்னு உனக்குத் தெரியாதுடா, எனக்குத் தெரியும் என்றார், சரி, தோளைப் பிடிச்சுக்குங்க என்று அவன் கூடப் போனான். முதல் வளைவில் சுவர் சரிந்து ஒரு திண்டு இருக்கிறதல்லவா, அதில் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். நீளம் இரண்டு, குட்டை ஒன்று. உன்னையும் அண்ணனையும் சாப்பிடக் கூப்பிட அடிப்பாரே, அதே விசில். எழுபத்தொரு வயதில் அவ்வளவு காற்று அவருக்கு எங்கிருந்து வந்ததோ. உள்ளே கூப்பாடு நின்றது. திரும்ப அடித்தார். இருபது நிமிஷத்தில் அந்த இரண்டு பேரும் மார்பு வரை நனைந்து, பல் கிட்டிக்க வெளியே வந்தார்கள். ஒருத்தி உன் வயதுதான் இருப்பாள். கிடைச்சிட்டாங்களா என்று கேட்டாள் முதலில். உன்னைத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு அரைமணிகூட ஆகவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. முதலில் நுரையும் சுள்ளியுமாகக் கணுக்கால் அளவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு, ஒரு முழு மரம் புரண்டு வந்து நாங்கள் மதியம் நடந்த வழியை அடைத்தது. டுவைட் அப்புறம்தான் அப்பாவிடம் வந்தார், கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. வெர்ல், அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க, இவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம், இல்லாத ஒருத்திக்காக ரெண்டு பேரையும் உள்ள அனுப்பினேன், இந்தப் புத்தகம் எதுக்கு இருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானய்யா என்றார். உன் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். நாற்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது கை விரலில் அடங்கும். அந்தப் பெண், பரவாயில்லை ஐயா, உங்க பொண்ணு பத்திரமா இருக்காளே, அது போதும் என்றாள். அதற்குத்தான் அவர் கண் கலங்கியது.

பெட்டியைத் திறந்து பதிவைச் சரிசெய்யச் சொன்னார் டுவைட். உன் பெயரை அடித்துவிட்டு நாலு என்று போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அப்பா பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, நீ அடிச்சிடு ஆர்டித் என்றார். நீங்க எழுதினது, நீங்களே அடிங்க என்றேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, மூன்று வருஷமாக அவர் செய்ததையெல்லாம் நான்தான் அவருக்காகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவர் அடிக்கவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், நார்வேயில் பத்திரமாக இருக்கிறாள் என்று எழுதினார். டுவைட் அதைப் படித்தார், மீசையைத் தடவிக்கொண்டார், பெட்டியை மூடினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உருளைக்கிழங்கு அடிப்பிடித்திருந்தது, யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் அவரிடம் உட்கார்ந்து நேராகக் கேட்டுவிட்டேன், எத்தனை தடவை இப்படி எழுதினீங்க என்று. நாலு தடவை என்றார். கல்யாணத்தன்னிக்குமா என்றேன். அன்னிக்குத்தான் முதல் தடவை என்றார். வெளியே வந்ததும் அவரே அஞ்சு என்று எழுதிவிடுவாராம், கணக்குச் சரியாக இருக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ஏன் என்று கேட்டேன். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், நாலு பேர் எழுதி முடிச்சதும் கை நிக்க மாட்டேங்குது, அவ பேரை விட்டா யாரையோ உள்ள விட்டுட்டு வர மாதிரி இருக்கு. நான் சொன்னேன், உள்ள விட்டுட்டு வரல, நீங்கதான் வெளிய விட்டுட்டு வந்தீங்க, அவ கல்யாணத்துல அவ பக்கத்து நாற்காலி காலியா இருந்திருக்கு, அந்த ஊர்ல அதுக்கு ஒரு புத்தகம் இருந்திருந்தா அதுல யார் பேரை எழுதியிருப்பா என்று. அவர் மறுத்து வாதாடாததே பெரிய விஷயம், உனக்குத் தெரியும்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரை மட்டும் கூண்டில் ஏற்றின பாவம் எனக்கு. எனக்கு ஆயிரம் சாக்கு இருந்தது, தனியாக விமானம் ஏறிப் பழக்கமில்லை, அவரை விட்டுவிட்டு எப்படி, இரண்டு பேரும் ஆறட்டும். எல்லாம் சாக்குத்தான். நீ என் ஒரே மகள், நான் தனியாகவாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாண நாளன்று அந்த மணல் திட்டில் உட்கார்ந்து இப்போது அங்கே என்ன மணி என்று எண்ணிக்கொண்டு அழுதேன், அழுததில் உனக்கு என்ன பிரயோசனம். மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். சிந்த்ரேயிடமும் நான் கேட்டதாகச் சொல். அவருடைய அம்மா அன்றைக்கு உன் தலையில் பூ வைத்துவிட்ட படத்தை நீ அனுப்பினாயே, அது என் பைபிளுக்குள் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு நான் இன்னும் ஒரு நன்றிகூட எழுதவில்லை, விலாசம் அனுப்பு.

ஜனெஸ்ஸா டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டாள், அப்பாவும் முனகிக்கொண்டே போய் வந்தார். மறதி எல்லாம் வயசுக்கு உள்ளதுதானாம், முழங்காலுக்குத்தான் டாக்டர் கடுதாசி நீளமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் ஒரு வருஷம் நடக்கலாம், அதற்குள் அறுவை செய்ய வேண்டும் என்று. வண்டிச் சாவியைப் பற்றி நான் கேட்டபோது, வெண்ணெய் எடுக்கும்போது கையில் இருந்தது, வைத்துவிட்டேன், இதுக்கு ஒரு டாக்டரா என்கிறார். நேற்று அவரைப் பாஸ்போர்ட் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். பல் பிடுங்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார், படத்தில் ஆளே தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. படம் எடுக்கிற பையன் சிரிக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னான், அவருக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

நீ உடனே பதில் எழுத வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன். மூன்று வருஷம் நீ தாங்கினதை ஒரு கடிதத்தில் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். கோபம் இருந்தால் கோபத்தோடேயே எழுது, அவருக்கே எழுது, எனக்கு எழுதி என்னிடம் கொடுத்தனுப்பாதே, நடுவில் நின்று நின்று எனக்குக் கால் வலிக்கிறது. கம்பளிக் காலுறை நாலு ஜோடி அனுப்பியிருக்கிறேன், பெரியது இரண்டும் சிந்த்ரேவுக்கு, அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கினேன். ஈரக் காலுறையோடு உட்காராதே. ராத்திரி வேலை இருந்தால் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு சாப்பாடா. பீச் ஜாடி விமானத்தில் கொண்டுவர விடுவார்களா என்று விசாரித்துச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் இருக்கட்டும், நீங்கள் ஏறுகிற மலையிலிருந்தெல்லாம் பத்திரமாக இறங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சிந்த்ரேயின் அம்மா விலாசத்தை மறந்துவிடாதே.

உன் அப்பா கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார். ஒரு மணி நேரமாக மேஜையில் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார். பேனா கொடுத்தேன், வேண்டாமாம். நான் பார்க்கக் கூடாதாம், எழுந்து போகிறேன்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா, ஆர்டித்

மேரன்,

நான் செய்தது தப்பு. உன் அம்மா எல்லாம் எழுதியிருப்பாள், ஒன்றும் விட்டிருக்க மாட்டாள்.

அடுத்த அக்டோபர் மூன்றாம் வாரம் நாங்கள் அங்கே வரலாமா. உங்கள் கல்யாண நாள் அந்த வாரம்தானே. லிஸ்டன் எங்கும் போய்விடாது. வேறு வாரம் தோது என்றால் நீ சொல்வதுதான் வாரம்.

மலை மேல் பெட்டியில் ஒரு புத்தகம் இருக்கிறது என்று அம்மா படித்தாள். என் முழங்காலுக்கு ஏறக்கூடிய உயரமா என்று சிந்த்ரேயிடம் கேட்டுச் சொல். ஏறினால் நாலு பெயர். பென்சில் உன் கையில் இருக்கட்டும்.

அப்பா